செவலையுடன் ஆறு நாள்

ஆறு நாள், 800 கிலோமீட்டர், வழியில் ஓர் ஊர், ஒரு மலை, ஒரு கடற்கரை. கிளம்பும்போது போட்ட கணக்கு இது. வண்டி ஓடியது 340 கிலோமீட்டர்தான். ஊர் அடிபட்டுப் போனது, மலையும் கடலும் மிஞ்சின. உடன் வந்த செவலை வைத்த வேகம் அது. அந்த வேகத்தில் போனதால்தான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

செவலை காப்பகத்திலிருந்து தத்தெடுத்து 5 மாதம் ஆன பெண் நாய். பல்லை வைத்துப் பார்த்தால் 3 வயது, எடை 15 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. முன்பு எங்கே, யாரிடம், எப்படி இருந்தாள் என்று சொல்ல ஆளில்லை. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கடியில் போய் ஒண்டுவாள். அது ஒன்றுதான் பழைய கதைக்குச் சாட்சி.

தத்தெடுத்த நாய்க்குக் காப்பகத்தார் ஒரு கணக்குச் சொல்வார்கள்: 3 நாள், 3 வாரம், 3 மாதம். முதல் 3 நாளில் திகைப்பு அடங்கும். 3 வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும். 3 மாதத்தில் மனம் ஊன்றும். நாய்க்கு நாய் இது மாறும், ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான். அதே வரிசை வெளியூர்ப் பயணத்தில் சிறிய அளவில் மறுபடி முதலிலிருந்து ஓடும். வீட்டில் மாதக்கணக்கில் நடந்து கவனிக்காமல் விட்டதை ஆறு நாளில் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். இந்தக் குறிப்புகள் முழுக்க அதைப் பற்றியவைதான்.

செப்டம்பர் 5, வெள்ளி: மூட்டை கட்டிய நாள்

வண்டிப் பழக்கம் பத்து நாளாகவே நடக்கிறது. முதல் 2 நாள், நிறுத்திய வண்டியின் பின்னிருக்கையில் ராத்திரிச் சாப்பாடு, கதவு திறந்தே இருக்கும். 3, 4ஆம் நாள் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. 5ஆம் நாள் தெருமுனை வரை. பிறகு 5 நிமிடம், 10 நிமிடம், 20 நிமிடம். ஒவ்வொரு ஓட்டமும் அவளுக்குப் பிடித்த திடலில் போய் முடியும். காப்பகத்து நாய்கள் பலவற்றுக்கு வண்டி என்றாலே ஊசி போடும் இடம்தான் ஞாபகம் வரும். விட்டுவிட்டுப் போனவர்களின் ஞாபகம் வரும் நாய்களும் உண்டு. வண்டி நின்றால் நல்லது நடக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். இதைத் தாண்டிக் குதித்து நேரே நீண்ட பயணத்துக்கு ஏற்றுவது பெரிய தவறு.

சாப்பாடு வீட்டில் போடுவதேதான், பயணத்தில் புதுசு எதுவும் கூடாது. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. கிலோவில் எடையை எடுத்து, அதன் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால் ஓய்வு நிலைக்கான ஒரு நாள் கலோரித் தேவை வரும். 15 கிலோவுக்கு அது 530 கிலோகலோரி சுமார். கருத்தடை ஆன வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கினால் 850 சொச்சம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பயிற்சித் தீனி போகக் கூடாது. உலர் உணவின் பையில் 100 கிராமுக்கு 360 கிலோகலோரி என்று போட்டிருந்தால், நாளுக்கு 210 கிராம், வேளைக்கு 105. இதை வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிட்டால் வழியில் குத்துமதிப்பாக அள்ளிப் போடும் வேலை இல்லை. ஆறு நாளுக்கு 12 பொட்டலம், தாமதம் ஆனால் சமாளிக்க இன்னும் 4. தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, அதாவது நாளுக்கு 750 முதல் 900 மில்லி. நடையும் வெயிலும் கூடினால் இதுவும் கூடும். முதல் இரண்டு நாளுக்கு வீட்டுத் தண்ணீரே 5 லிட்டர் கேனில் வருகிறது. புது வாசனையடிக்கும் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் நாய்கள் நிறைய.

மார்புப்பட்டையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மார்பு நடுவில் கவட்டை போலப் பிரிந்து தோள்பட்டையைத் தடுக்காமல் போகும் ரகம் நல்லது. பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. பயந்த நாய் முன்னால் இழுக்காது. பின்னால் போய், தலையைத் தாழ்த்தி, தோளைச் சுருக்கி, பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடும். தத்தெடுத்த நாய்கள் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் மார்புப்பட்டையையும் கழுத்துப்பட்டையையும் ஒரு சிறு வார் கொண்டு இணைத்தாயிற்று. ஒன்று நழுவினாலும் மற்றது பிடிக்கும். கழுத்தில் தொங்கும் தகட்டில், கூட வரும் கைபேசி எண். தோலுக்கடியில் உள்ள சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். இருக்குமிடத்தை அது காட்டாது, படிக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு எதிரே பதிவான தொலைபேசி எண் பழையதாக இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியது அதைத்தான்.

மருந்துப் பையில் உண்ணி எடுக்கும் குறடு, பஞ்சு, கட்டுத்துணி, வெப்பமானி, தடுப்பூசி அட்டையின் நகல். மனிதர்கள் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை எதுவும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் நாய்க்கு நஞ்சு.

கடைசியாக, அவள் தினமும் படுக்கும் போர்வை. துவைக்காமல், அவள் வாசனையோடு.

செப்டம்பர் 6, சனி: வளைவுகளும் ஒரு வாந்தியும்

கிளம்பியது காலை 9 மணி. சாப்பாடு 5 மணிக்கே, அதுவும் பாதி அளவு. வயிறு நிறைந்தாலும் குமட்டும், முழுக்கக் காலியாக இருந்தாலும் குமட்டும். 3, 4 மணி நேரம் முன்னதாகக் கொஞ்சம் போடுவதுதான் நடுவழி. பின்னிருக்கையில் மார்புப்பட்டையை இருக்கைப் பட்டியோடு கொக்கியில் மாட்டியாயிற்று. கழுத்துப்பட்டையில் மாட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து போய்விடும். முன்னிருக்கை கூடவே கூடாது, காற்றுப்பை வெடித்தால் நாய் தாங்காது.

தப்பு நடந்தது கிளம்புகிற நேரத்தில். பிரிய மனமில்லாத ஒரு கை, ஜன்னல் வழியாக இரண்டு பிஸ்கட்டை நீட்டிவிட்டது.

மலையடிவாரச் சாலையின் வளைவுகள் தொடங்கி 40 நிமிடத்தில் அறிகுறிகள் வரிசையாக வந்தன. முதலில் கொட்டாவி. பிறகு உதட்டை நக்குவது, ஒன்று, இரண்டு, நிற்கவே இல்லை. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. இந்தக் கட்டத்திலேயே வண்டியை ஓரங்கட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். அடுத்த வளைவில் நிறுத்தலாம் என்று நினைத்ததும், உள்ளே போன பிஸ்கட் வெளியே வந்தது. உள்காதின் சமநிலை உறுப்பு ‘அசைகிறோம்’ என்கிறது, கண்ணெதிரே இருக்கை அசையாமல் நிற்கிறது. இந்த முரண்தான் குமட்டலாகிறது. பயம் அதைப் பெருக்கும். மருந்து உண்டு, ஆனால் வண்டி ஏறும் முன்பே, மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால்தான் பலிக்கும்.

இருக்கையில் கீழே நீர் புகாத விரிப்பு, மேலே இரண்டு பழைய துண்டு. மேல் துண்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டால் அடியில் சுத்தமான துண்டு தயார். இந்த ஒரு ஏற்பாடு சாலையோரத்தில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. அதன்பின் ஜன்னல் மூன்று விரல் திறப்பு, வேகம் பாதி. தலை வெளியே நீட்டும் அளவுக்குத் திறக்கக் கூடாது, தூசியும் பூச்சியும் கண்ணைக் கெடுக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், 15 நிமிடம். கதவைத் திறக்கும் முன் கயிறு மாட்டியாக வேண்டும். திறந்துவிட்டு மாட்டலாம் என்று நினைத்த ஒரு நொடியில் நாய் சாலையில் நிற்கும். சாப்பிடப் போகிறவர்கள் முறைவைத்துப் போக வேண்டும், ஒருவர் நாயோடு நிழலில். மூடிய வண்டிக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், அரை மணியில் 18, 19 டிகிரி. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை.

நிறுத்தத்தில் ஒரு பெரியவர் வந்தார். “கடிக்குமாம்மா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நின்றார். பயப்படுவாள் என்றதும் இரண்டடி தள்ளி, பக்கவாட்டாகத் திரும்பிக் குந்தினார். கையை நீட்டவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. செவலை கழுத்தை மட்டும் எட்டி நீட்டி, பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக, அவர் முழங்காலை முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு பின்னங்கால் தானாக ஒட்டி வந்தது. நாய்க்குப் பழகியவர் என்பது அதிலேயே தெரிந்தது. அரை மணி முன்பு இன்னொருவர், “நாய்னா எனக்கு உயிர்” என்று சொல்லிக்கொண்டே நேரே தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனார். அவள் வண்டிக்கடியில் போய்விட்டாள். அன்பில் குறையில்லை, கை வந்த திசைதான் தப்பு.

அறைக்குப் போனதும் முதலில் வெளியே சுற்றி வந்து சிறுநீர் கழிக்க வைத்து, பிறகுதான் உள்ளே. கயிறோடு அறை முழுக்க ஒரு சுற்று. கட்டிலடி, குளியலறை, பால்கனிக் கம்பி இடைவெளி எல்லாம் அவள் முகர்ந்தாள், கூடவே கண்ணால் சரிபார்த்தாயிற்று. தலை நுழைகிற இடைவெளியில் உடம்பும் நுழையும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ராத்திரி அவள் படுக்கவே இல்லை. கதவோரம் உட்கார்ந்தபடி கண் செருகி, தலை தொங்கி, திடுக்கிட்டு நிமிர்ந்து, மறுபடி செருகி. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியும் இப்படித்தான் போனது.

செப்டம்பர் 7, ஞாயிறு: எங்கும் போகாத நாள்

காலையில் கழிவு இளகலாக, சளி கலந்து. ஊர் சுற்றும் திட்டம் இங்கே அடிபட்டது.

இடம் மாறும் அழுத்தம் நாயின் பெருங்குடலைத் தாக்கும், இது அடிக்கடி நடப்பது. பார்க்க வேண்டியவை சில. ஈறு ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்திவிட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தோள்பட்டைத் தோலைத் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. எல்லாம் சரியாக இருந்தது, தண்ணீரும் குடித்தாள். வேகவைத்த எலும்பில்லாத கோழி ஒரு பங்கு, குழைய வடித்த சோறு இரண்டு பங்கு, உப்பு எண்ணெய் எதுவுமில்லாமல், நாலு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. வெங்காயமும் பூண்டும் பக்கத்தில்கூட வரக் கூடாது, இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். கழிவில் ரத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, சோர்வு, ஒரு நாளைத் தாண்டியும் நிற்காத பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர்தான். குட்டியானால் இந்த ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

எங்கும் போகாததால் ஒன்றைக் கவனிக்க முடிந்தது. வீட்டுப் போர்வையை அறை மூலையில், கதவு கண்ணில் படும்படி விரித்தாயிற்று. ஏவவில்லை, கூப்பிடவில்லை. அவளாகக் கால் வைத்தால் பேசாமல் ஒரு துண்டு தீனி முன்னால் விழும். பத்து மணி வாக்கில் ஒரு கால். பதினொன்றுக்கு நாலு காலும். மதியம் படுத்தாள், ஆனால் முன்னங்கால் நீட்டி, தலை நிமிர்ந்து, நொடியில் எழுந்துவிடக் கூடிய படுக்கை அது. நாயின் நிம்மதியைப் படுக்கையில் படிக்கலாம். நிமிர்ந்து படுப்பது முதல் படி. ஒரு பக்க இடுப்பைச் சரித்துப் போடுவது அடுத்தது. பக்கவாட்டில் நீட்டிப் படுத்தால் நம்பிக்கை வந்துவிட்டது. வயிறு வானம் பார்க்க மல்லாந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

சாயங்காலம் 4 மணிக்கு இடுப்பு சரிந்தது. மூக்கு வழியாக நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அறையில் மற்றவர்களும் கால் நீட்டினார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்: மலைப்பாதை

கழிவு கெட்டிப்பட்டது. காலை 6 மணிக்கு மலைப்பாதையில் ஏற்றம். கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பார்க்க வேண்டும். கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது. இந்த நேரத்தில் தரை குளிர்ந்திருந்தது.

இன்று 10 மீட்டர் நீளக் கயிறு. மார்புப்பட்டையின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும், கழுத்தில் ஒருபோதும் இல்லை. 10 மீட்டர் ஓடி வந்து திடீரென நிற்கும் விசை சின்னதல்ல. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, விரல் முறியும். மடிமடியாகப் பிடித்து, ஒவ்வொரு மடியாக விட வேண்டும். முட்செடியில் சிக்கும், அப்போது இழுக்காமல் நாம்தான் நடந்து போய் எடுக்க வேண்டும்.

3 கிலோமீட்டர் ஏறுவதாகத் திட்டம். இரண்டு மணி நேரத்தில் ஏறியது 700 மீட்டர். ஏனென்றால் வழியில் ஒரு கல் இருந்தது.

சாதாரணக் கல், முழங்கால் உயரம், ஒரு பக்கம் பாசி. செவலை முதலில் காற்றில் மூக்கை உயர்த்தினாள். பிறகு கல்லின் அடியிலிருந்து மேலாக, பாசி விளிம்பு வழியாக, மூக்கு ஒரு விரல் தூரத்தில் ஊர்ந்து போனது. நொடிக்கு நாலைந்து தடவை உறிஞ்சல். வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போகிறது, அதனால் முன்னால் உள்ள வாசனை கலைவதில்லை. பக்கத்தில் குனிந்து பார்த்தால், பக்கவாட்டில் மட்டும் தூசி மெல்ல எழுந்து அடங்குவது தெரிந்தது. ஓரிடத்தில் நின்றாள். முன்னங்கால் ஒன்று தூக்கியபடியே இருந்தது. நாக்கு நுனியால் பாசியை ஒரு தொடு. பிறகு மூன்றடி பின்னால் வந்து, மறுபடி அதே இடம். இப்படி 6 நிமிடம். அதற்குள் யாரோ இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். “என்ன இருக்கு அங்க?” என்று கேட்டார்கள், பதில் அவளிடம்தான் இருந்தது.

முகரும் நேரத்தில் இழுத்துக்கொண்டு போனால், நடந்த தூரம் கூடும், நாய்க்குக் கிடைத்தது குறையும். 20 நிமிடம் முகரவிட்ட நாய் அறைக்கு வந்து தூங்குகிறது. ஒரு மணி நேரம் வேகமாக இழுத்து நடத்திய நாய் வந்தும் அடங்காமல் சுற்றுகிறது. பயந்த சுபாவமுள்ள நாய்க்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

கல்லை விட்டு 20 அடி போனதும் அவள் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாய் தளர்ந்து திறந்திருந்தது, காது இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன, புருவம் லேசாக மேலே. ஒரு நொடி. மறுபடி முன்னால் நடந்தாள். இந்தத் திரும்பிப் பார்த்தலுக்குத்தான் பையில் தீனி வைத்துக்கொள்ள வேண்டும். ‘வா’ என்று கூப்பிட்டு வருவதைப் பாராட்டுகிறோம், கூப்பிடாமலே பார்ப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அந்தப் பார்வை வரும்போதெல்லாம் நல்ல வார்த்தை ஒன்று, பக்கத்தில் வந்தால் சுண்டுவிரல் நகம் அளவு தீனி. முதல் அரை மணியில் 4 தடவை, அடுத்த அரை மணியில் 11 தடவை. கயிறு முழுக்க இழுபட்டது மொத்தமே இரண்டு தரம்.

நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்த பிறகு இருவரின் சிறுநீரிலும் பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன் கூடியிருந்ததை 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டுப் புதிதாக வந்த நாயின் முகத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்கக் கூடாது. பயந்த நாய்க்கு முறைத்த கண் மிரட்டல்தான். பார்வை அதன் பக்கத்திலிருந்து வர வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம்.

இறக்கத்தில் கயிறில்லாத நாய் ஒன்று எதிரே வந்தது. நேருக்கு நேர் போவது நாய்களுக்குள் மரியாதை இல்லை. பாதையிலிருந்து இறங்கி வில்லாக வளைந்து, கயிற்றைத் தளரவிட்டு, தீனி நாலைந்து துண்டைப் புல்லில் இறைத்ததும் செவலை குனிந்து தேடத் தொடங்கினாள். குனிந்து முகரும் நாயிடம் எதிர் நாய்க்கும் சண்டையில்லை. அது தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. கயிற்றைச் சுருக்கிப் பிடித்திருந்தால் இருவருக்கும் கோபம் வந்திருக்கும்.

ராத்திரி 9 மணிக்குப் பக்கவாட்டில் நீட்டிப் படுத்தாள். நாலு காலும் ஒரே பக்கம்.

செப்டம்பர் 9, செவ்வாய்: மழை, இடி, உண்ணி

காலையிலிருந்து மழை. உண்ணி தேட நல்ல நாள். காதுமடல் உள்பக்கம், கழுத்துப்பட்டை அடி, அக்குள், விரலிடுக்கு, வாலடி என்று விரல் நுனியால் தடவ வேண்டும், கண்ணை மட்டும் நம்பக் கூடாது. மூன்று கிடைத்தன. குறடால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக, நிதானமாக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்புக் காட்டுவது இரண்டும் கெடுதல், உண்ணி தன் வயிற்றில் உள்ளதை நாயின் ரத்தத்துக்குள் கக்கிவிடும். எடுத்ததை ஆல்கஹாலில் போட்டு, தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த 3 வாரத்தில் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் மனமின்மை, ஈறு வெளுப்பு என்று எது வந்தாலும் இந்தத் தேதியோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எர்லிக்கியா, பபீசியா என்ற ரத்தத்தைத் தாக்கும் கிருமிகள் இரண்டையும் உண்ணிதான் கொண்டுவருகிறது.

மூன்றாவது உண்ணியை எடுக்கும்போது அவள் பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. ஐந்து மாதம் முன்பு பாதத்தைத் தொட்டாலே உறுமுவாள். தினமும் தொடுவது, விடுவது, தீனி. தொடுவது, விடுவது, தீனி. அவ்வளவுதான் நடந்தது, விட்டுப்போகாமல் நடந்தது.

சாயங்காலம் இடி. இருட்டும் முன்பே வெளியே கூட்டிப்போய் வந்திருந்ததால் நடுவில் கதவு திறக்கும் வேலை இல்லை. இடிக்கு மிரண்ட நாய் திறந்த கதவைக் கண்டால் நிற்காது. ஜன்னல் அடைத்து, திரை இழுத்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே போர்வையை மாற்றிப் போட்டாயிற்று. அவள் அங்கே போகவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவரின் காலோடு வந்து ஒட்டி, முழு எடையையும் சாய்த்தாள். நடுக்கம் துணி வழியாகத் தெரிந்தது. பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று சொல்வார்கள், அது சரியல்ல. பயம் ஓர் உணர்ச்சி, தடவலைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு வளர்வதில்லை. ஆறுதல் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டும். மார்பை மெதுவாக, நீளமாக வருடுவது நல்லது. ஒன்றரை மணி நேரம்.

சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகித் தூங்கினாள். நிம்மதி இரண்டு படி இறங்கிவிட்டது.

செப்டம்பர் 10, புதன்: கடல்

மலையிலிருந்து கடற்கரைக்கு 110 கிலோமீட்டர், இடையில் இரண்டு நிறுத்தம். வாந்தி இல்லை, பிஸ்கட்டும் இல்லை.

அலை முதல் தடவை காலடிக்கு வந்ததும் செவலை நாலு காலில் ஒன்றாகத் துள்ளிப் பின்னால் விழுந்தாள். தண்ணீருக்குள் இழுக்கக் கூடாது, தூக்கிக்கொண்டும் போகக் கூடாது. அலை எட்டாத இடத்தில் 10 நிமிடம் சும்மா நின்றால் போதும். பார்த்தாள், முகர்ந்தாள், நுரை விட்டுப்போன ஈரத்தை முன்னங்காலால் தட்டினாள். பிறகு நடந்தது எந்தப் பயிற்சியிலும் வராதது. பின்புறத்தைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, காதைப் பின்னால் மடித்து, கயிற்றின் நீளத்தையே ஆரமாக வைத்து வட்டமாக ஓடினாள். மூன்று சுற்று, ஒரு சடார்த் திருப்பம், எதிர்த்திசையில் இரண்டு சுற்று. இந்த நேரத்தில் நாம் நிற்க வேண்டிய இடம் நடு மையம், முழங்காலைக் கொஞ்சம் மடித்து. கயிறு காலைச் சுற்றினால் ஆள் விழுவது நிச்சயம். ஓட்டம் நின்றதும் முன்னங்கால் இரண்டையும் மணலில் பரப்பி, பின்புறத்தை உயர்த்தி, ஓர் ஒற்றைக் குரைப்பு. விளையாட வா என்று அதற்கு அர்த்தம். காப்பகத்தில் அவள் குரைத்துக் கேட்டவர் யாருமில்லை.

பந்து நீலம். நாய்க் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. மணலில் சிவப்புப் பந்தைவிட நீலம் சட்டெனத் தெரியும். ஈர மணலில்தான் எறிய வேண்டும். உலர் மணலில் விழுந்த பந்தைக் கவ்வும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் மணல் உள்ளே போகும், அளவு கூடினால் குடலை அடைக்கும்.

கோளாறு உப்புத் தண்ணீரில் வந்தது. 15 நிமிடத்துக்கு ஒரு தரம் நல்ல தண்ணீர் காட்ட வேண்டும் என்று தெரிந்தும், வட்ட ஓட்ட சந்தோஷத்தில் அரை மணி போய்விட்டது. அவள் அலையில் மூன்று நாலு மடக்கு குடித்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் தண்ணீராகப் பேதி. உப்பு குடலுக்குள் நீரை இழுப்பதால் வருவது இது. நல்ல தண்ணீரை ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததில் அடங்கியது. நிறையக் குடித்து, தள்ளாட்டமோ நடுக்கமோ வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனை.

வெயில் ஏறியதும் நிழலுக்கு. நாக்கு அகலமாகி நுனி சுருண்டால், மூச்சு இரைச்சலாக மாறினால், எச்சில் கெட்டிப்பட்டால் ஓட்டம் போதும் என்று அர்த்தம். அதையும் தாண்டி தள்ளாடினால் குளிர்ந்த நீரை உடம்பெங்கும் விட்டு, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை.

நிழலில் ஒரு சிறுமி வந்து தொடலாமா என்று கேட்டாள். மூன்று எண்ணும் வரை மார்பில் வருடு, பிறகு கையை எடுத்துவிடு, அவள் என்ன செய்கிறாள் பார் என்று சொல்லப்பட்டது. சிறுமி சத்தமாக எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கை எடுபட்டதும் செவலை ஓரடி முன்னால் வந்து, மார்பைக் கொண்டுபோய்க் கைக்கு நேராக வைத்தாள். மறுபடி மூன்று. மறுபடி முன்னால் வந்தாள். ஏழாவது தடவை தலையைத் திருப்பிக்கொண்டாள். “போதுமாம்” என்று சிறுமியே சொல்லி எழுந்துகொண்டாள்.

அறைக்குத் திரும்பி நல்ல தண்ணீரில் அலசி, விரலிடுக்கு மணலை எடுத்து, காதின் உள்மடலைத் துணியால் ஒற்றி எடுத்தாயிற்று. இரவு பக்கவாட்டில் படுக்கை. நள்ளிரவில் நாலு காலும் படுத்தபடியே ஓடின, உதடு துடித்தது, மூடிய வாய்க்குள் சின்னச் சின்னக் குரைப்பு. எழுப்பக் கூடாது, திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். எந்தக் கடலோரத்தில் ஓடினாளோ.

செப்டம்பர் 11, வியாழன்: திரும்பல்

வண்டிக் கதவைத் திறந்ததும், தூக்காமல், சொல்லாமல், அவளாக ஏறினாள். முன்னங்கால், பின்னங்கால், ஒரு சுற்று, உட்கார்ந்தாயிற்று. வழி முழுக்கத் தூக்கம். வளர்ந்த நாய் நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். பயணத்தில் பாதிகூடக் கிடைத்திருக்காது. திரும்பிய பிறகு இரண்டு நாள் விருந்தாளியோ குளியலோ புது நடைவழியோ வைக்காமல் அந்தக் கடனை அடைக்கவிட வேண்டும்.

தெருமுனையில் இறக்கி நடத்திக் கூட்டிவந்தாயிற்று. மூன்றாவது வீட்டுக் கம்பத்தருகே மூக்கு தரையிலிருந்து உயர்ந்தது. நடை வேகம் கூடியது, வால் வலப்பக்கம் சாய்ந்து அகலமாக வீசியது. வேண்டியவரைப் பார்க்கும்போது வால் நாயின் வலப்பக்கம் கூடுதலாக ஆடுகிறது என்று 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கம்பத்தருகே ஆளில்லை, வாசற்படிதான் இருந்தது.

உள்ளே போனதும் தன் கிண்ணத்தில் நிறுத்தாமல் தண்ணீர் குடித்தாள். எல்லா அறைக்கும் ஒரு சுற்று. பிறகு கூடத்தின் நடுவில், ஆட்கள் நடக்கிற வழியிலேயே, மல்லாந்து படுத்தாள். பின்னங்கால் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது, மேலுதடு சரிந்து ஒரு பல் தெரிந்தது.

பைகளை உதறியதில் கூடம் முழுக்க மணல். துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே இருந்தது. ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து, அவளைச் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்தாயிற்று, அரை மணி நேரம் ஆனது.